கத்தி என்ற சொல்

வாலேயா மோரி,
1997 அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள என் நிகிஃபோருக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்களோடும், அந்த அறையில் உங்களோடு தங்கியிருக்கும் சகோதரர்களோடும் இருக்கட்டும். நானும் நம் குட்டி தபீத்தாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. மழை மட்டும் நிற்கவில்லை. சமையலறை மூலையில் இன்னும் ஒழுகுகிறது, நீங்கள் போகும்போது வைத்த அதே வாளிதான் இருக்கிறது. தகரக் கூரை போட்டுவிடலாம் என்று நீங்கள் எழுதியதைத் தபீத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். இத்தாலியிலும் வாளி வைப்பார்களா என்று கேட்கிறாள்.

இத்தாலிக்கு வரும் வேன்காரரிடம் இந்தக் கடிதத்தோடு சுட்ட கத்திரிக்காய்த் தொக்கு இரண்டு ஜாடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று கேட்பவர்களுக்கு. இரண்டையும் கேட்பவர்களுக்கே கொடுத்துவிடாதீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியும்.

போன வாரம் தபால் ஆபீஸ் போனில் நான் அழுவது கேட்டு, என்ன ஆயிற்று என்றீர்கள். ஜலதோஷம் என்றேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாதி ஊர் வரிசையில் நின்றது. வேறென்ன சொல்வேன்? இப்போது சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ரொட்டிக்கு மாவு பிசையும்போதும் பயம், ஜெபிக்க முழங்கால் போட்டால் இன்னும் பயம்.

பக்கத்து வீட்டு இலிங்காவின் கழுத்தில் ஒரு கட்டி. நீங்கள் வேன் ஏறும்போது அவளுக்கே தெரியாது. இப்போது தலைத்துணியின் முடிச்சுக்கு மேலே எட்டிப்பார்க்கிறது. சுச்சாவா டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, யாஷ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உடனே அறுத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றாராம். குரல் போகுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றாராம். இலிங்கா குரல் எடுக்காமல் நம் சபையில் ஒரு பாட்டாவது ஆரம்பித்திருக்கிறதா? அவள் என்னிடம், "கட்டியோட பாடிக்கிட்டே செத்தாலும் செத்துட்டுப் போறேன் அக்கா. ஊமையா உக்காந்து எப்படி ஆராதிக்கிறது?" என்று அழுதாள். அவள் கணவன் ஒனிசிம் எதிரில் உட்கார்ந்து தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முழங்காலில் சத்தமாய் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, பரஸ்கீவாவின் மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். வழக்கம் போல அவள் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே எழுந்தது. யாருக்கும் புரியாத அந்நிய பாஷை. ஆராதனை நடத்தும் சகரியா சகோதரர் மணியை அடித்தார், சபை அடங்கியது, அவளும் பேசி முடித்தாள். பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. அர்த்தம் சொல்லும் வரம் இந்தச் சபையில் எனக்கு மட்டும்தானே.

அது எனக்கு எப்படி வரும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். முழு வாக்கியமாக வராது. ஒரே ஒரு சொல் வந்து நெஞ்சில் உட்காரும். அதைச் சொல்ல வாயைத் திறந்தால் அடுத்தது தானாக வரும். அன்றைக்கு "பயப்படாதே" என்று வந்தது. தெளிவாக வந்தது, நிகிஃபோர், அதை மட்டும் சாகும்வரை சாதிப்பேன். சொன்னேன். அடுத்தது வரவில்லை. காத்திருந்தேன். சபையும் காத்திருந்தது. இலிங்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் என் வாய், "மகளே, கத்தி உன்மேல் படாது" என்று சொல்லிவிட்டது.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் பெஞ்சிலிருந்து எழுந்து, "நிதானிப்போம், சகோதரர்களே" என்றிருப்பீர்கள். எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இது எங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் யோசித்து, ஆமென் சொன்னால்தான் ஆமென். நீங்கள் போனதிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்ல ஆளில்லை. பாஸ்டர் மூன்று கிராமத்துக்கு ஒருவர், மாதம் ஒருமுறைதான் வருகிறார். சகரியா சகோதரருக்கு யார் மனமும் நோகக் கூடாது. ஆகவே நான் வாயை மூடியதுமே பேண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டது. ஒனிசிம் கன்னம் வீங்க டிராம்போன் ஊதினான், கண்ணில் தண்ணீர் வழிய ஊதினான். அந்தச் சத்தத்தில் எழுந்து, நில்லுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இலிங்கா யாஷுக்குப் போகவில்லை. கட்டி வளர்கிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுத்தான் விழுங்குகிறாள். ஆனால் முகம் மட்டும் கல்யாணப் பெண் போல இருக்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம், "எனக்கு வார்த்தை வந்துருச்சு" என்கிறாள். கிணற்றடியில் அந்த ஆர்த்தடாக்ஸ்காரிகள் என்னைப் பார்த்து, "உங்க மனந்திரும்பினவங்க சாமிக்கு ஆஸ்பத்திரி ஆகாதாமே?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். முன்பென்றால் நானும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன். இப்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. அந்தச் சொல் கர்த்தருடையதாக இருந்து, நான் அதை இல்லை என்று சொன்னால், ஆவியானவருக்கு விரோதமான பாவம். அதற்கு மன்னிப்பே கிடையாது என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். அது என்னுடையதாக இருந்து, நான் சொல்லாமலிருந்தால், இலிங்காவை நான் கொல்கிறேன். ஒரு ஜெபத்தில் இது சரி என்று படுகிறது, அடுத்த ஜெபத்தில் அது. நீங்கள் வேன் ஏறுமுன் சபையில் உங்களுக்கு, "போ, நான் உன்னை வெட்கப்படுத்தமாட்டேன்" என்று வந்த வார்த்தையைத்தான் இந்த நாட்களில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். சாரத்தில் ஏறும்போது ஜாக்கிரதை.

உங்களைத் தினமும் கர்த்தரின் கையில் ஒப்படைக்கும்,
வெதூரியா


வாலேயா மோரி,
1997 டிசம்பர், முதல் பனி விழுந்த வாரம்.

அன்புள்ள நிகிஃபோருக்கு,

உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக. கடிதமும் தபீத்தாவின் சிவப்பு ஷூவும் வந்து சேர்ந்தன. ஷூ ஒரு அளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் டக்டக்கென்று நடக்கிறாள்.

உங்கள் கடிதத்தை நான் எப்படிப் படித்தேன் தெரியுமா? "பேசாமல் இரு, ஈஸ்டருக்கு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருப்பீர்கள் என்று நம்பி உறையைக் கிழித்தேன். நீங்களோ, கேட்டது எது, சேர்த்தது எது என்று உனக்கே தெரியும், சபையில் சொன்னதைச் சபையில்தான் திருத்த வேண்டும், கோணல் சுவரை ஈரத்திலேயே இடித்துவிடு என்று எழுதிவிட்டீர்கள். கொத்தனாரிடம் யோசனை கேட்டது என் தப்பு. கடிதத்தை மாவுப் பெட்டிக்குள் போட்டு மூடி, அடுத்த இரண்டு ஞாயிறும் எதுவும் தெரியாதவள் போல ஆராதனைக்குப் போய் வந்தேன். மூன்றாம் ஞாயிறு இலிங்கா பாட ஆரம்பித்து, இரண்டாவது அடியில் மூச்சு வாங்கி நின்றாள். சபை மீதியைப் பாடியது. 

அன்றைக்கும் பரஸ்கீவா பேசினாள். மணி அடித்தது. தலைகள் திரும்பின. எனக்கு எதுவும் வரவில்லை, ஒரு எழுத்துகூட. எழுந்து நின்றேன். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு எனக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை என்றேன். பிறகு, இலிங்காவுக்கு நான் சொன்னதில் "பயப்படாதே" மட்டும்தான் கேட்டது, கத்தி என்ற சொல் என் சொந்தச் சொல், அவள்மேல் உள்ள பாசத்தில் சேர்த்துவிட்டேன், என்னை மன்னியுங்கள், அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றேன். மேலே கூரையைப் பிளந்துகொண்டு ஏதோ விழப்போகிறது என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். எதுவும் விழவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

சகரியா சகோதரர் முகம் வெளுத்து, "சகோதரி, சபையைக் கலக்காதீங்க, உக்காருங்க" என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "அப்போ இத்தனை வருஷமா நாங்க ஆமென் சொன்னது எதுக்கு? இந்தம்மாவோட சமையக்கட்டு நினைப்புக்கா?" என்று கத்தினார். இலிங்கா எழுந்து, பாட்டுக்கு வாசிக்கும் மாண்டலினைப் பையில் போட்டு, நாடாவை முடிந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அவள் அறைந்து சாத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் பரஸ்கீவா. சந்தையில் ஆட்டுப்பால் சீஸ் விற்றுவிட்டு நேரே வந்து, கூடையை என் மேஜைமேல் டொம்மென்று வைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் சாப்பாட்டைத் திருடித் தின்றவள்தானே. "நான் பேசுறது எனக்கே புரியாது. வாய் என்னுது, அர்த்தம் உன்னுது. உன்னுது பொய்யின்னா நான் என்னடி, தகர டப்பாவா?" என்றாள். உன் பாஷையில் குறை இல்லை, என் காதில்தான் என்றேன். "எந்தெந்த வாரம் காது நல்லா இருந்துச்சுன்னு சொல்லு பாக்கலாம்" என்றாள்.  அவள் சத்தமாகச் சண்டை போட்டிருந்தால் தேவலை. சீஸில் ஒரு துண்டை வெட்டித் தபீத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, தலைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு மற்றவர்கள். மகனைப் பறிகொடுத்த அந்தத் தையற்காரம்மா வந்தார். "அவன் கர்த்தர்கிட்ட இருக்கான்னு அன்னிக்கு வந்துச்சே, அது யாரு சொன்னது?" என்று கேட்டார். அது வந்தது, அம்மா, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றேன். உண்மையாகவே நினைவிருக்கிறது. ஆனால் நம்பினாரா என்று தெரியவில்லை. இப்படி ஒவ்வொருவராக, தங்களுக்கு வந்த வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, இது நல்லதா பழுதா என்று கேட்க வந்தார்கள். பக்திவிருத்திக்காகக் கொடுத்த வரம் என்பார்கள். நான் ஒரு சொல்லைச் சேர்த்ததில் எத்தனை பேருடைய பக்தி ஆட்டம் கண்டுவிட்டது, பாருங்கள்.

இலிங்கா மட்டும் வரவில்லை. நானே போனேன். அவள் வாசல் கேட்டைத் திறக்காமல், "கத்தி படாதுன்னு சொன்னதும் இதே வாய்தானே? ஒரு வாரம் படாது, ஒரு வாரம் படணும். எதை நம்பணும்னு தேதி போட்டுக் குடுங்க அக்கா" என்றாள். பேசும்போதே மூச்சு இரைத்தது. ஒனிசிம் கொட்டகையில் விறகு பிளப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்து, அடுப்பைப் பற்றவைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுக் காலை மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தேன். தொழுவ வாசலில் நிழல் விழுந்தது. இலிங்கா. உள்ளே வரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பயப்படாதேங்கறது மட்டும் நிஜமா வந்துச்சா?" என்றாள். வந்தது என்றேன். "கத்திங்கறதுக்கு முன்னாடியே வந்துச்சா?" ஆமாம் என்றேன்.  மாடு வாலை வீசி என் முகத்தில் அடித்தது. அப்புறம் அவள், "கத்தியே படாதுன்னா, அவர் எதுக்கு என்னைப் பயப்படாதேன்னு சொல்லணும்? பயப்பட ஏதோ ஒண்ணு முன்னாடி இருக்கப்போய்த்தானே சொல்லியிருக்கார்?" என்றாள். இத்தனை மாதம் பயந்து பயந்து வேதம் படித்த எனக்கு அது தோன்றவில்லை, நிகிஃபோர். அவள் தனியாக உட்கார்ந்து நிதானித்திருக்கிறாள்.

திங்கட்கிழமை ரயிலில் யாஷுக்குப் போகிறோம். என்னையும் கூட வரச் சொல்லிவிட்டாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம். பெட்டி தூக்க ஆள் வேணும்" என்றாள். தபீத்தா பரஸ்கீவா வீட்டில் இருப்பாள்.

இனிமேல்தான் எனக்கு நிஜமான பயம். அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கத்தி படாது என்று கர்த்தர்தான் சொன்னார், இந்தப் பாவிதான் மாற்றிச் சொன்னாள் என்று சபை சொல்லும். சபை சொல்வது போகட்டும், நானே சொல்லிக்கொள்வேன். நீங்கள் எந்த வேளையில் ஜெபிக்கிறீர்களோ அந்த வேளையில் எங்களையும் நினையுங்கள். எனக்கு இப்போது ஜெபிக்க வார்த்தை வரவில்லை, வந்தாலும் எடுக்கப் பயமாக இருக்கிறது.

பயத்தோடும் அன்போடும்,
வெதூரியா


வாலேயா மோரி,
1998 பிப்ரவரி, ஞாயிறு மாலை.

அன்புள்ள என் நிகிஃபோருக்கு,

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். இலிங்கா உயிரோடு இருக்கிறாள் என்று போனில் சொல்லிவிட்டேன். மற்றதைப் போனில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு அவளை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் என் கையைப் பிடித்து, "ஏதாவது வார்த்தை வந்துச்சா அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் ரயிலில் போன வழியெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். நெஞ்சில் தேடினேன். ஒன்றுமில்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பு என்று என் பாசம் மறுபடியும் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். வரலை இலிங்கா, நான் இங்கேயே உக்காந்திருக்கேன், அது மட்டும் என் சொந்தச் சொல் என்றேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது. கதவு மூடிவிட்டது.

கட்டியை எடுத்துவிட்டார்கள். குரல் நரம்பு வரை ஒட்டியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூச்சுக்குழலையே அடைத்திருக்கும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். ஏன் இவ்வளவு தாமதம் என்றும் கேட்டார். ஒனிசிம் தொப்பியைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் இரண்டு வீட்டிலும் பேச்சு நின்றுவிடுகிறது.

பாட்டுக் குரல் போய்விட்டது. ஈர விறகை அறுக்கிற சத்தம் போல ஒன்று வருகிறது, அவ்வளவுதான். திரும்பலாம் என்கிறார்கள். திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்றைக்குத்தான் அவள் மறுபடி ஆராதனைக்கு வந்தாள். மாண்டலினை எடுத்து வந்தாள், பாடவில்லை, வாசித்தாள். பாட்டை ஆரம்பிக்க ஆளில்லாமல் சபை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் பரஸ்கீவா ஆரம்பித்தாள். அவள் சுருதி உங்களுக்குத் தெரியுமே. இரண்டு பிள்ளைகள் வெளிப்படையாகவே காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பிறகு ஜெபத்தில் அவள் பாஷை எழுந்தது. அன்றைக்கு நான் எழுந்து பேசிய பிறகு இன்றுதான் முதல்முறை. அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது போலிருக்கிறது, குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து வந்தது. மணி அடித்தது. தலைகள் திரும்பவில்லை, நிகிஃபோர். யாருமே என்னைப் பார்க்கவில்லை. அப்போது ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. உட்காராமல் போயிருந்தால் தேவலை என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம், யாரும் எதிர்பார்க்கவுமில்லை.  எழுந்தேன். "விட்டுவிடமாட்டேன்" என்றேன். அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. யாருக்கு, எதற்கு, எதுவும் வரவில்லை. இவ்வளவுதான் கொடுக்கப்பட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பேண்டு வாசிக்கவில்லை. ஒனிசிம் டிராம்போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். சகரியா சகோதரர் மணியை எடுத்துவிட்டு, அடிப்பதா வேண்டாமா என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அந்த விறகு அறுக்கிற சத்தம் கேட்டது. "நிதானிப்போம், சகோதரர்களே."

இலிங்கா நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் சுற்றிய கட்டுத்துணிமேல் கையை வைத்திருந்தாள். உங்கள் வார்த்தையை, நீங்கள் சொல்கிற அதே விதத்தில் சொன்னாள். பெண்கள் அதைச் சொல்கிற வழக்கம் நம் சபையில் இல்லை. சகரியா சகோதரர் மணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கூரைப் பனி உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு ஆமென் என்று ஒருவர் சொன்னார். அந்தத் தையற்காரம்மா சொன்னார். அப்புறம் இன்னொருவர். எனக்குத் தோள் குலுங்கியது. பயம் போகவில்லை, ஆனால் முன்பு போல நான் ஒருத்தியாக அதைச் சுமக்கவில்லை. வெளியே வரும்போது இலிங்கா பக்கத்தில் வந்து, "ஒத்தைச் சொல்லுக்கே இப்படி நடுங்குறீங்களே அக்கா" என்று காதில் கரகரத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

சோதனை முடிவு வந்தால் உடனே எழுதுகிறேன். நல்லபடியாக வர ஜெபியுங்கள்.

இன்னும் ஒன்று. சபையில் எல்லோரும் வந்து, தங்களுக்கு வந்த வார்த்தையைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. நீங்கள் வேன் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு பரஸ்கீவா பேசி, நான் அர்த்தம் சொன்னேனே, "போ" என்று. அதற்கு முந்தின வாரமெல்லாம் மழை. நான் வாளி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஒரு தகரக் கூரையையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதிய எந்தக் கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கேட்காமலே ஈஸ்டருக்குப் புறப்பட்டு வந்துவிடுங்கள். திரும்பிப் போக வேண்டாம். தகரக் கூரை வேண்டாம். எங்களிடம் வாளி இருக்கிறது.

சமாதானத்தின் தேவன் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்,
வெதூரியா